லென்ஸ் பூட்டில் எழும் "டக்" சத்தம்: கேள்வி பதில்

பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசம் முடிந்து, எடுத்த காணொளிகளை எல்லோரும் தொகுக்க உட்கார்ந்ததிலிருந்து, லென்ஸின் வளையமும் பூட்டும் எழுப்பும் சத்தத்தைப் பற்றிய கேள்விகள் எனக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. பாயான் லெப்பாசில் நுண்பாகங்களுக்கான அச்சுகளையும் இயங்கும் அமைப்புகளையும் வடிவமைப்பது என் தொழில். லென்ஸ் கட்டுப்பாடுகளும் அதில் அடங்கும். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு திருமணப் படப்பிடிப்பாளர்: ஐயா, அபர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது வரும் "டக் டக்" உண்மையில் எங்கிருந்து வருகிறது? ஸ்பிரிங்தான் காரணமா?

ஸ்பிரிங் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் அது நிரபராதி. அபர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம். அதன் அளவை மாற்றும் வளையத்தின் உட்புறத்தில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். லென்ஸின் உடலில் ஒரு துளை, அதற்குள் ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் எஃகுக் குண்டு. வளையம் திரும்பும்போது குண்டு மேட்டில் ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்குகிறது. விரலுக்குத் தெரியும் ஒரு "படி" இதுதான். இதில் சத்தம் இரண்டு இடங்களில் பிறக்கிறது. முதலாவது, பள்ளத்தின் அடி கூர்மையாக இருந்தால், ஒரு சரிவில் இறங்கி வந்த குண்டு எதிர்ச் சரிவில் திடீரென்று மோதுகிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. குண்டு தடையின்றி மேலும் கீழும் போய்வர வேண்டும் என்பதற்காகத் துளையைக் குண்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போடுவார்கள். மேட்டில் ஏறும்போது குண்டு துளையின் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்திருக்கும். உச்சியைத் தாண்டிய நொடியில் பக்கவிசை திசை மாறி, குண்டு எதிர்ச் சுவருக்குத் தூக்கி எறியப்படும். அந்த இடைவெளி 0.05 மி.மீ. மட்டுமே என்றாலும், எஃகு உலோகச் சுவரில் மோதுவதால் தெளிவான ஒரு "டிக்" எழுகிறது. மெல்லிய அலுமினிய உடல் அதை அப்படியே கேமராவின் மைக் வரை கடத்திவிடுகிறது.

தாழ்ப்பாள் தளர்ந்த கதவு காற்றில் அடித்துக்கொள்வதும் இறுகிய தாழ்ப்பாள் அமைதியாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே, பாகங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல், தொட்டபடியே நகரும்படி செய்வதுதான் முதல் வேலை. சத்தம் பிறந்த பிறகு பஞ்சையும் ரப்பரையும் வைத்து அதை அமுக்கப் பார்ப்பது இரண்டாம்பட்சம்.

அதே நண்பர்: அப்படியானால் கெட்டியான கிரீஸ் போட்டால் போதாதா?

ஓரளவுக்கு உதவும். மோதும் இரு பரப்புகளுக்கும் நடுவில் கிரீஸ் படலம் இருந்தால் மோதலின் கூர்மை குறையும். ஆனால் கிரீஸின் தடை வேகத்தைப் பொறுத்தது. வளையம் நின்றுவிட்டால் அந்தத் தடை ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அதனால் கிரீஸ் ஒருபோதும் பூட்டாகாது. தவிர, நம் ஊர் வெப்பத்தில் கிரீஸ் இளகி, அதிலுள்ள எண்ணெய் பிரிந்து, அபர்ச்சர் தகடுகள் வரை ஊர்ந்து சென்றால் தகடுகள் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் மூடும். அந்தத் தகடுகள் எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். கிரீஸை நம்பி மோசமான பள்ளத்தை அப்படியே விட்டுவிடும் வடிவமைப்பை நான் ஏற்பதில்லை.

கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆவணப்பட இயக்குநர்: எனக்கு விரலில் "படி" தெரிய வேண்டும், காதில் மட்டும் கேட்கக் கூடாது. இது நடக்கக்கூடிய காரியமா, அல்லது வளையத்தை முழுக்க வழுவழுப்பாக்குவதுதான் வழியா?

நடக்கக்கூடிய காரியமே. விரல் உணர்வது, வளையத்தைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை ஏறி இறங்குவதை. காது கேட்பது அந்த மாற்றம் எவ்வளவு திடீரென்று நிகழ்கிறது என்பதை. இரண்டையும் பிரித்துவிட முடியும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். துவாரத்தின் அளவைக் குறிக்கும் எண்களில் எஃப் 2.8 முதல் எஃப் 22 வரை, ஒவ்வொன்றிலும் ஒளி பாதியாகக் குறையும் ஆறு நிறுத்தங்கள் (ஸ்டாப்). ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால் 18 படிகள். 35 மி.மீ. ஆரமுள்ள வளையத்தில் ஒரு படிக்கு 4 பாகை ஒதுக்கினால், அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே ஏறக்குறைய 2.4 மி.மீ. தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்தில் கூர்மையான பள்ளம் வெட்டாமல், 0.25 மி.மீ. ஆழத்துக்கு அலைபோல மேடும் பள்ளமுமாக வெட்டினால், மிகச் செங்குத்தான இடத்திலும் சரிவு 18 பாகையைத் தாண்டாது. பள்ளத்தின் அடியில் வளைவின் ஆரம் 1.2 மி.மீ. அளவில் அமையும். ஒன்றரை மில்லிமீட்டர் குண்டின் ஆரம் 0.75 மி.மீ.தான் என்பதால், அது எந்த இடத்திலும் இரண்டு சரிவுகளை ஒரே நேரத்தில் தொடாது. மோதுவதற்கு எதிர்ச் சரிவு என்ற ஒன்றே இருக்காது. ஸ்பிரிங் 1.5 நியூட்டன் விசையில் அழுத்துகிறது, இரு பரப்புகள் எவ்வளவு உராய்கின்றன என்பதைக் காட்டும் உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், ஒரு படியைத் தாண்ட 26 மில்லிநியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவிசை வேண்டும். இது விரலுக்கு நன்றாகவே தெரியும். அதே ஸ்பிரிங்கை வைத்து 30 பாகைச் சரிவுள்ள கூர்ப்பள்ளம் வெட்டினால் 42 வரை போகும். படி இன்னும் அழுத்தமாகத் தெரியும், சத்தமும் கூடவே வரும்.

அடுத்தது குண்டின் பக்க ஆட்டம். குண்டையும் துளையையும் அறவே விட்டுவிட்டு, ஒரு பட்டை ஸ்பிரிங்கின் நடுவில் சிறு புடைப்பை அழுத்தி எடுத்து, அந்தப் புடைப்பையே பள்ளத்தில் இறங்கச் செய்வது என் விருப்பம். பட்டையின் முனை உடலோடு திருகப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் ஆட இடமில்லை. புடைப்பின் மேல் பாலிஅசெட்டால் என்ற வழுக்கும் நெகிழியில் செய்த சிறு மூடியைப் பொருத்தினால், உலோகம் உலோகத்தைத் தொடுவதும் நின்றுவிடும். ஆனால் அலைமேடு வெட்டிய பரப்பு மழமழப்பாக இருக்க வேண்டும். கடினமாக்கப்பட்ட அலுமினியத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அந்த மூடியை அரம்போலத் தேய்த்துவிடும்.

முழுக்க வழுவழுப்பான வளையம்தான் வேண்டுமென்றால், திரைப்பட லென்ஸ்களில் அபர்ச்சர் வளையம் காலங்காலமாகப் படியில்லாமல்தான் இருக்கிறது. புகைப்பட லென்ஸ்களிலும் இப்போது படியை வைக்கவும் நீக்கவும் சுவிட்சு தருகிறார்கள். சோனி 2022இல் வெளியிட்ட 24-70 மி.மீ. ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பில் படியை நீக்கும் சுவிட்சு, வளையம், அபர்ச்சரைக் கேமராவிடமே விட்டுவிடும் 'ஏ' நிலைக்குள் தவறிப் போகாமலும் அதிலிருந்து வெளியே வராமலும் காக்கும் பூட்டு, ஜூம் வளையத்தின் இறுக்கத்தை மாற்றும் சுவிட்சு என்று மூன்றும் உள்ளன.

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பறவைப் படப்பிடிப்பாளர்: என் நீண்ட ஜூம் லென்ஸின் பூட்டு, முழுதும் உள்ளே இழுத்த நிலையில் மட்டுமே வேலை செய்கிறது. ஏன் எல்லா இடத்திலும் பூட்டும்படி வைப்பதில்லை? அதுவும் சத்தமில்லாமல்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூட்டு எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும் என்று தெரியாமல் அது எவ்வளவு அமைதியாக இயங்கும் என்று பேச முடியாது.

ஜூம் செய்யும்போது வெளியே நீளும் முன்குழாய் தன் எடையாலேயே நழுவாமல் பிடித்து வைப்பதுதான் இந்தப் பூட்டின் வேலை. அந்தக் குழாயும் கண்ணாடிகளும் சேர்ந்து 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைத் தோளில் தலைகீழாகத் தொங்கவிட்டு பினாங்குக் கொடிமலைப் படிகளில் இறங்கினால், குலுக்கலில் அந்த எடை மூன்று மடங்காகலாம் என்று கருதி 18 நியூட்டனுக்குக் கணக்கிடுவது பாதுகாப்பானது. வளையத்தை 90 பாகை திருப்பினால் குழாய் 70 மி.மீ. நீள்கிறது என்றால், அந்த இழுவை வளையத்தில் 0.8 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையாக மாறும், 40 மி.மீ. ஆரத்தில் இது 20 நியூட்டன். உள் உராய்வு இதில் ஒரு பங்கைத் தாங்கும் என்றாலும், பூட்டை வடிவமைக்கும்போது அதை நம்பக் கூடாது.

இந்த 20 நியூட்டனை ரப்பர்க் கட்டையை அழுத்தி உராய்வால் மட்டும் தடுக்க வேண்டுமானால், உராய்வுக் கெழு 0.5 என்றாலும் 40 நியூட்டன் அழுத்தம் வேண்டும். ஏறக்குறைய நான்கு கிலோ எடையைக் குழாயின் ஒரு பக்கத்தில் வைத்து அழுத்துவது போன்றது அது. சிறிய தள்ளு சுவிட்சால் அவ்வளவு விசை தர முடியாது. தந்தாலும் மெல்லிய குழாய் கோணிக்கொள்ளும். உராய்வுப் பூட்டு எந்த இடத்திலும் நிற்கும், சத்தமே வராது. ஆனால் இந்தப் பாரத்துக்கு அது போதாது. அதனால்தான் பலர் ஊசிப் பூட்டுக்குப் போகிறார்கள். ஒரு சிறு ஊசி வளையத்திலுள்ள துளைக்குள் இறங்கிவிட்டால் 20 நியூட்டன் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. துளை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் பூட்டும் அந்த ஒரே இடத்தில்தான்.

இதற்கு நடுவழி கண்டவர்களும் உண்டு. 2016இல் வந்த டாம்ரான் 150-600 மி.மீ. இரண்டாம் தலைமுறை லென்ஸில் ஜூம் வளையத்தையே நீளவாக்கில் நகர்த்தினால் எந்தக் குவியத் தூரத்திலும், அதாவது எந்த ஜூம் அளவிலும், பூட்டிக்கொள்ளும். சிக்மாவின் 150-600 மி.மீ. கன்டெம்பரரி லென்ஸில் குறிக்கப்பட்ட குவியத் தூரங்களில் பூட்டலாம். வளையத்தைச் சற்று அழுத்தித் திருப்பினால் பூட்டு தானே விடுபடும். அவசரத்தில் பறவை பறக்கும்போது சுவிட்சைத் தேடாமல் இருப்பதற்கு இது பெரிய வசதி.

ஊசிப் பூட்டை அமைதியாக்க என்ன வழி என்றால், உருளையான ஊசிக்குப் பதில் நுனி கூம்பிய ஊசியைப் பயன்படுத்துவதுதான். உருளை ஊசி தடையின்றி உள்ளே போக வேண்டுமானால் துளையில் இடைவெளி இருந்தாக வேண்டும்; அந்த இடைவெளியில்தான் வளையம் "டக்" என்று அங்குமிங்கும் ஆடும். கூம்பு ஊசியோ, துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கி இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதில் கோணம்தான் முக்கியம். உராய்வுக் கெழு 0.15 என்றால் எட்டரை பாகைக்குக் குறைவான சரிவில் ஊசி இறுகிப்போய், வெளியே இழுக்க விரல் நோகும். 10 பாகை வைத்தால், 20 நியூட்டன் பாரத்தில் ஊசியை வெளியே தள்ளும் விசை அரை நியூட்டனைத்தான் எட்டும். கிரீஸ் பட்டு உராய்வுக் கெழு 0.1 ஆகக் குறைந்தாலும் ஒன்றரை நியூட்டன். ஆகவே 2 நியூட்டன் தரும் ஸ்பிரிங் போதும். சுவிட்சும் மென்மையாக இருக்கும்.

அதே நண்பர்: இந்தச் சத்தத்துக்குப் பறவை பறந்துவிடுமா?

உங்கள் கை அசைவுக்குத்தான் முதலில் பறக்கும்.

பிறையிலிருந்து ஓர் அச்சுத் தொழிலாளர்: பழைய லென்ஸ்களிலும் பூட்டு இருந்ததே, அவை இவ்வளவு சத்தம் போட்டதாக நினைவில்லை.

அப்போதும் சத்தம் இருந்தது. ஆனால் அதைவிட உரக்கக் கேமராவுக்குள் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடியும் ஷட்டரும் அடித்ததால் யாரும் கவனிக்கவில்லை. நிக்கானின் பழைய ஏஎஃப் டி லென்ஸ்களில் அபர்ச்சர் வளையத்தை மிகச் சிறிய துவாரத்தில் வைத்துப் பூட்டும் சிறு தள்ளி உண்டு; லைக்காவின் பழைய லென்ஸ்கள் சிலவற்றில் ஃபோகஸ் பிடியை வெகுதொலைவுக்கான முடிவிலி நிலையில் பிடித்துக்கொள்ளும் பொத்தான் இருந்தது. இரண்டுமே நன்றாகக் காதில் விழும். அந்தக் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களில் ஷட்டரை மின்னணு முறைக்கு மாற்றி ஓசையே இல்லாமல் எடுக்கத் தொடங்கிய பிறகுதான், மிஞ்சியிருக்கும் சிறு சத்தங்கள் நம் காதை உறுத்துகின்றன. காணொளியில் மைக்கும் லென்ஸும் ஒரே உடலில் இருப்பது இன்னொரு காரணம்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒருவர்: காந்தத்தால் படி வைத்தால் எதுவும் எதையும் தொடாதே?

உண்மைதான், வடமுனையும் தென்முனையும் மாறி மாறி அமைந்த காந்த வளையத்தால் தேய்மானமே இல்லாத, ஓசையற்ற படிகளைத் தரலாம். ஆனால் இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் கண்ணாடிகளின் இடத்தை அறியக் காந்த உணரிகள் இருக்கின்றன. பக்கத்திலேயே இன்னொரு காந்தத்தை வைத்தால் அவை குழம்பும். கடற்கரை மணலில் உள்ள இரும்புத் துகள்களும் வந்து ஒட்டும். தனியே பொருத்தும் ஃபோகஸ் கருவிகளுக்கு இது நல்ல வழி. லென்ஸுக்குள் வைக்க நான் தயங்குவேன்.

சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பொறியாளர்: நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் எந்த நெகிழியை நம்பலாம்?

நைலானைத் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சி அளவு மாறுவது அதன் இயல்பு. மழைக்காலத்தில் இறுகி, குளிர்சாதன அறையில் பல வாரம் கிடந்த பின் தளரும் வளையத்துக்கு யாராலும் அளவு வைக்க முடியாது. பாலிஅசெட்டால் மிகக் குறைவாகவே ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் இல்லாமலே வழுக்கும். அதன் குறை வெப்பத்தில் விரிவது. ஒரு பாகை செல்சியஸுக்கு அது விரியும் அளவு அலுமினியத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல். 70 மி.மீ. விட்டமுள்ள பாலிஅசெட்டால் வளையத்தை அலுமினிய உடலில் 28 பாகையில் இடைவெளியின்றிப் பொருத்திவிட்டு, வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகை வரை சூடாக விட்டால், விட்டத்தில் ஏறக்குறைய 0.2 மி.மீ. தளர்வு வந்துவிடும். அந்தத் தளர்வே நாம் முதலில் பேசிய மோதலுக்கு வழி திறந்துவிடுகிறது. எனவே வளையத்தை அலுமினியத்திலேயே செய்து, தொடும் இடங்களில் மட்டும் பாலிஅசெட்டாலைச் சிறு துண்டுகளாக வையுங்கள்; துண்டு சிறிதாக இருந்தால் விரிவும் சிறிதாகவே இருக்கும். ஒவ்வொரு துண்டையும் மெல்லிய பட்டை ஸ்பிரிங் தாங்கினால் மிச்சமுள்ள விரிவையும் அது ஈடுகட்டிவிடும்.

பினாங்கிலிருந்து ஒரு மாணவி: சத்தம் குறைந்ததா என்பதை எப்படி அளப்பது? எங்களிடம் ஒலி அளக்கும் அறை இல்லை.

அறை இல்லாமலும் அளக்கலாம். இரவில் மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, கேமராவின் ஒலியளவைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிப் பதிவு செய்யுங்கள். தானியங்கியில் விட்டால் கேமரா தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைத்து உங்கள் ஒப்பீட்டைப் பாழாக்கிவிடும். கையால் வளையத்தைத் திருப்பாதீர்கள், ஏனெனில் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு சிறு மோட்டாரும் ரப்பர்ப் பட்டையும் போதும், மோட்டாரை மேசையில் வைக்காமல் தள்ளித் தனியே நிறுத்த வேண்டும். சத்தம் சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுவதால் சராசரி அளவு எதையும் சொல்லாது. உச்ச அளவைப் பாருங்கள். நேரத்துக்கேற்ப அலைவெண்ணைக் காட்டும் வரைபடத்தில் (ஸ்பெக்ட்ரோகிராம்) உயர் பகுதியில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தால் அது உலோக மோதல். கீழ்ப் பகுதியில் பரவலாகத் தெரிந்தால் பெரும்பாலும் உடல் முழுவதும் அதிர்வது.

முறுக்குவிசைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். வளையத்தைச் சுற்றி நூல் கட்டி எடையைத் தொங்கவிட்டு, வளையம் படியைத் தாண்டும் வரை எடையைக் கூட்டுங்கள், 35 மி.மீ. ஆரத்தில் 100 கிராம் என்பது 34 மில்லிநியூட்டன் மீட்டர்.

பலர் கேட்டது: என்னிடம் ஏற்கனவே உள்ள லென்ஸை வீட்டிலேயே அமைதியாக்கலாமா?

ஜூம் தானாக நழுவுவதுதான் தொல்லை என்றால், 25 அல்லது 30 மி.மீ. அகலமுள்ள சிலிக்கோன் வளையத்தை ஜூம் வளையத்தின் பாதியும் உடலின் பாதியும் மூடும்படி மாட்டினாலே போதும். பூட்டைத் தொடவே வேண்டாம். பழைய கைமுறை லென்ஸ்களில் குண்டை எடுத்துவிட்டுப் படியை நீக்குபவர்கள் இருக்கிறார்கள். வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகுகளைக் கழற்றியதும் குண்டு துள்ளி ஓடிவிடும் என்பதால், லென்ஸை ஒரு வெளிப்படையான பைக்குள் வைத்தபடி கழற்றுங்கள். குண்டைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது தேவைப்படும். மின்னணு லென்ஸைத் திறக்காதீர்கள். மெல்லிய நெகிழ்தகட்டு வடம் ஒன்று கிழிந்தால், பழுதுபார்க்கும் செலவு லென்ஸின் விலையை நெருங்கலாம்.

பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்: முப்பரிமாண அச்சில் ஒரு மாதிரி செய்து பார்க்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

அலைமேட்டு வளையத்தில் தொடங்குங்கள், ஆனால் அளவைப் பெரிதாக்கிச் செய்யுங்கள். சாதாரண அச்சுப்பொறியின் அடுக்குத் தடிப்பு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருப்பதால், 0.25 மி.மீ. ஆழமுள்ள அலையை அதில் எடுத்தால் படிக்கட்டுதான் கிடைக்கும். நான்கு மடங்கு பெரிதாக்கி, வளையத்தைப் படுக்கையாக வைத்து அச்சிட்டால் அலையின் வளைவு அடுக்குகளின் தளத்திலேயே அமைந்து மழமழப்பாக வரும். ஸ்பிரிங்குக்குப் பழைய அளவு நாடாவின் எஃகுப் பட்டையை வெட்டிக்கொள்ளலாம். ஓரங்களை அரத்தால் தேய்த்த பிறகே கையில் எடுங்கள். கூர்ப்பள்ளம் ஒன்று, அலைப்பள்ளம் ஒன்று என இரண்டு வளையங்களை அச்சிட்டு, இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங்கை மாற்றி மாற்றிப் பொருத்தி, மேலே அந்த மாணவிக்குச் சொன்ன முறையில் பதிவு செய்து, அந்த ஒலிக்கோப்புகளை எனக்கு அனுப்புங்கள். கூம்பு ஊசிக்கு அச்சுப்பொறி வேண்டாம். பிறையில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் பித்தளைக் கம்பியைக் கொடுத்து, பக்கத்துக்கு 10 பாகை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மொத்தக் கோணம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு 5 பாகையாகக் கடைந்துவிட்டால் ஊசி துளையிலேயே இறுகிவிடும்.